‘டப்’ என்னும் ஒலி இரண்டாவது ஏன்?

சென்ற இதழில் இப்பகுதியில் சர்க்கரை வியாதியைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு நேயர்கள் சிலர் அன்புடன் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று சர்க்கரையைப் பற்றியதே அன்று. இடார்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது. அவருடைய ஏழு வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் பரிசோதித்த டாக்டர், குழந்தையின் இருதயத்தில் இரண்டாம் ஒலி பிளந்து கேட்கிறதென்றும், மூச்சோடு அது மாறவில்லை என்றும், எக்கோ எடுத்துப் பார்த்துவிடவேண்டும் என்றும் ஒரு சீட்டில் எழிதிக் கொடுத்தனுப்பினாராம். சகோதரியின் மாமியாரோ, “ஓடியாடி விளையாடுகிற குழந்தைக்கு நோய் எங்கிருந்து வந்தது? பெண் குழந்தை, இருதயத்தில் கோளாறு என்று நாலு பேர் பேச ஆரம்பித்தால் நாளைக்கு இவளை யார் கட்டுவான்?” என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சீட்டு நான்கு மாதமாகச் சுவாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. “இருதயம் பிளந்துவிட்டதென்றா இதற்கு அர்த்தம்? எங்களுக்கு விளங்கும்படி எழுதுவீர்களா?” என்று கேட்டிருக்கிறார்.

நம் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிளந்திருப்பது ஒலி, இருதயம் அன்று. அந்த ஒலி எல்லாக் குழந்தைகளுக்கும் பிளக்கத்தான் செய்யும். ஆனால் மூச்சோடு மாறாமல் பிளந்தே இருக்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும். ஆகவே சீட்டைப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து, இந்த மாதத்திலேயே எக்கோ எடுத்துவிடவேண்டும். ஏன் என்பதை இனி விரிவாகச் சொல்கிறோம். நாம் வைத்தியர் அல்லோம். ரயில்வேயில் பேரேடு எழுதும் குமாஸ்தா. ஆயினும் இப்பகுதிக்காக வைத்திய நூல்களைப் புரட்டுவதும், புரியாத இடங்களை அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவதும் நமக்குப் பழக்கமாகிவிட்டன.

இருதயம் ‘லப்-டப்’ என்று ஒலிப்பதைக் குழந்தைகளும் அறிவார்கள். இந்த ஒலிகள் இருதயத்தின் தசை சுருங்குவதால் மட்டும் எழுவன அல்ல. பெரும்பாலும் அதன் கதவுகள் மூடிக்கொள்வதால் எழுவன. இருதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலப்புறத்து அறைகள் உடம்பிலிருந்து திரும்பும் ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகின்றன. இடப்புறத்து அறைகள் நுரையீரலிலிருந்து வரும் சுத்த ரத்தத்தை வாங்கி உடம்பெங்கும் அனுப்புகின்றன. ரத்தம் வந்த வழியே திரும்பிவிடாதபடி நான்கு கதவுகள் காவல் நிற்கின்றன. டாக்டர்கள் இவற்றை வால்வு என்பார்கள். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள இரு வால்வுகள் மூடும்போது எழுவது ‘லப்’. கீழறைகளிலிருந்து ரத்தம் வெளியேறியபின், மகாதமனியின் வாயிலிலும் நுரையீரல் தமனியின் வாயிலிலும் உள்ள இரு வால்வுகள் மூடும்போது எழுவது ‘டப்’. இதுவே இரண்டாம் ஒலி.

பாரிஸ் நகரத்து நெக்கர் ஆஸ்பத்திரியில் 1816-இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டு, ஸ்டெதாஸ்கோப்புக்கு வழி வகுத்த லென்னெக் என்னும் வைத்தியர், இந்த இரண்டாம் ஒலியை மேலறைகள் சுருங்குவதால் உண்டாவதென்றே கருதினார். கருவியைக் கண்டுபிடித்தவருக்கே ஒலியின் காரணம் பிடிபடவில்லை! வால்வுகளே காரணம் என்பதை ரூவானே என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் 1832-இல் எடுத்துக் காட்டினார்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இரண்டாம் ஒலிக்கு இரண்டு கதவுகள் காரணம் என்றால், அவை இரண்டும் ஒரே கணத்தில் மூடுகின்றனவா? இல்லை. மகாதமனி வால்வு சற்று முந்தி மூடுகிறது. நுரையீரல் வால்வு சற்றுப் பிந்தி மூடுகிறது.

நம்மவர்களுக்கு ரயில் உதாரணம் எளிதில் விளங்கும். பழைய ஜாயின்ட் தண்டவாளத்தில் வண்டி போகும்போது ‘தடக்-தடக்’ என்று கேட்குமே, அது ஒரு போகியின் இரு அச்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஜாயின்டைத் தாண்டும் ஒலி. வண்டி மெதுவாகப் போனால் இரண்டும் தனித்தனியே கேட்கும். வேகம் கூடக் கூட நெருங்கி வரும். ஐ.சி.எப். பெட்டியின் போகியில் அச்சுகளுக்கு இடையே 2.896 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். இருதயத்தின் இரு கதவுகளுக்கு இடையிலான நேரம் அதிலும் குறைவு. மூச்சை உள்ளே இழுக்கும்போது சுமார் 0.04 முதல் 0.05 நொடி. மூச்சை வெளியே விடும்போது 0.03 நொடிக்கும் குறைந்துவிடும். அப்போது நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆகவே நல்ல நிலையிலுள்ள ஒரு குழந்தையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், மூச்சை இழுக்கையில் ‘லப்-ட்டடப்’ என்றும், விடுகையில் ‘லப்-டப்’ என்றும் மாறி மாறிக் கேட்கும். இந்தப் பிளவு சாதாரணமானதே என்றும், மூச்சைச் சார்ந்ததென்றும் பிரான்சில் பொத்தேன் என்பவர் 1866-இலேயே எழுதி வைத்திருக்கிறார்.

மூச்சுக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. அதனால் உடம்பின் ரத்தக் குழாய்களிலிருந்து வலப்புறத்து அறைகளுக்கு அதிக ரத்தம் வந்து சேருகிறது. அதிகமாக வந்ததை வெளியேற்றச் சிறிது அதிக நேரம் பிடிக்கிறது. அதோடு, விரிந்த நுரையீரலின் குழாய்கள் அந்த ரத்தத்தை எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொள்வதால், அதைப் பின்னுக்குத் தள்ளிக் கதவைச் சாத்தும் விசையும் தாமதித்தே எழுகிறது. ஆகவே நுரையீரல் வால்வு பிந்துகிறது. அதே சமயம் நுரையீரலிலேயே ரத்தம் சற்றுத் தங்கிவிடுவதால் இடப்புறத்துக்கு வருவது கொஞ்சம் குறைந்து, மகாதமனி வால்வு ஒரு இம்மி முந்துகிறது. ஒன்று முந்த, மற்றொன்று பிந்த, ஒலி இரண்டாகிறது. மூச்சை விட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

இதைக் கேட்க வேண்டிய இடம், மார்பெலும்பின் இடப்பக்கத்தில் இரண்டாம் விலா இடைவெளி. நுரையீரல் வால்வின் ஒலி மெல்லியது. அது அந்த இடத்தில்தான் நன்றாகக் கேட்கும். குழந்தையை உட்கார வைத்துக் கேட்பதும் முக்கியம். படுத்திருக்கையில் நல்ல குழந்தைகள் சிலருக்கும் இரு மூச்சிலும் ஒலி பிரிந்தே கேட்பதுண்டு. எழுந்து உட்கார்ந்தால் சேர்ந்துவிடும். வீட்டில் காதை வைத்துக் கேட்டுத் தீர்மானிக்கக்கூடிய காரியமன்று இது. பழகிய காதுக்கே அமைதியான அறை வேண்டும். மின்விசிறி சுழல, வாசலில் ஐம்பது பேர் பேச, ஒரு நிமிஷத்துக்கு ஒரு நோயாளியாகப் பார்க்கவேண்டிய நிலையிலுள்ள டாக்டர்களுக்கு இது தவறிப்போவதில் ஆச்சரியம் இல்லை. அந்தச் சந்தடியிலும் ஒரு பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டறிந்து, சீட்டெழுதிக் கொடுத்த டாக்டரின் காதை நாம் மெச்சுகிறோம்.

சீட்டில் ‘மூச்சோடு மாறவில்லை’ என்று அவர் எழுதியிருப்பதுதான் உயிர்நாடியான சொல். மேலறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும்போது அதில் ஒரு வழி திறந்திருக்கும்; பிறந்தபின் அது மூடிக்கொள்ளும். சிலருக்குச் சுவரே சரியாக வளராமல் துவாரம் நின்றுவிடுகிறது. டாக்டர்கள் இதனை ஏ.எஸ்.டி. என்று எழுதுவார்கள். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு ஒன்பது பேருக்கு இருதயத்தில் பிறவிக் குறை ஏதேனும் இருக்கும் என்பது கணக்கு. அக்குறைகளில் ஏறக்குறையப் பத்தில் ஒன்று இந்தத் துவாரம். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது.

துவாரத்தின் வழியாக இடது மேலறையிலிருந்து வலது மேலறைக்கு ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். உடம்பைச் சுற்றி வந்த ரத்தத்தோடு இதுவும் சேர்ந்து மறுபடியும் நுரையீரலுக்கே போகும். துவாரம் பெரியதானால், உடம்புக்குப் போவதைப்போல் இரண்டு பங்கு ரத்தம்கூட நுரையீரலைச் சுற்றுவதுண்டு. வலது கீழறைக்கு எப்போதும் சுமை அதிகம், எப்போதும் தாமதம். அதனால்தான் நுரையீரல் வால்வு பிந்தியே மூடுகிறது.

சரி, மூச்சோடு ஏன் மாறுவதில்லை? ஒரு தொட்டிக்கு இரண்டு குழாய்கள் தண்ணீர் விடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மூச்சை இழுக்கும்போது உடம்பிலிருந்து வரும் குழாயில் அதிகம் வருகிறது. துவாரத்தின் வழியாக வருவது குறைகிறது. மூச்சை விடும்போது முன்னது குறைந்து பின்னது கூடுகிறது. தொட்டியில் சேரும் மொத்த அளவு மாறுவதில்லை. ஆகவே மூச்சு எப்படிப் போனாலும் இரு கதவுகளுக்கும் இடையிலுள்ள நேரம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ஆப்ரே லேதம் என்னும் நிபுணர், கிரே என்பவரோடு சேர்ந்து, ஒலியைக் கோடுகளாகப் பதியும் கருவியைக் கொண்டு இத்துவாரத்தின் ஒலிக்குறிகளை ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டார். 1964-இல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே, இருதயத்தைக் கேட்டறிவதற்கு இரண்டாம் ஒலியே திறவுகோல் என்று அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

திறவுகோல் என்றது வெறும் அலங்காரமன்று. குழந்தைகள் பலருக்கு மார்பில் ‘மர்மர்’ என்று ஒரு இரைச்சல் கேட்கும். அவற்றில் பெரும்பான்மை தீங்கற்றவை. ஏ.எஸ்.டி. உள்ள குழந்தைக்கும் அதே இடத்தில், அதே மாதிரி மெல்லிய இரைச்சல்தான் கேட்கும். அது துவாரத்தின் ஒலியன்று. மேலறைகளுக்கு இடையே அழுத்த வித்தியாசம் மிகச் சொற்பமாதலால் துவாரம் ஊமையாகவே இருக்கும். அதிகப்படி ரத்தம் நுரையீரல் வால்வைக் கடக்கும் ஓசைதான் அது. இரண்டு இரைச்சல்களையும் எப்படி வேறுபடுத்துவது? இரண்டாம் ஒலியைக் கேட்டுத்தான். அது மூச்சோடு பிரிந்து சேர்ந்தால் பெரும்பாலும் கவலையில்லை. சேராமலே நின்றால் சந்தேகிக்கவேண்டும். சந்தேகம் என்றுதான் சொல்கிறோம். நிச்சயம் என்று சொல்லவில்லை. நிச்சயப்படுத்துவது எக்கோ. ஒலியலையைக் கொண்டு இருதயத்தைப் படமாகக் காட்டும் அப்பரிசோதனையில் ஊசியில்லை, வலியில்லை, கதிர்வீச்சும் இல்லை. ஏழு வயதுக் குழந்தை சற்று நேரம் அசையாமல் படுத்திருந்தால் போதும்.

‘ஓடியாடி விளையாடுகிறாளே’ என்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்னதில் பொய்யில்லை. சொல்லப்போனால் இத்துவாரத்தின் வஞ்சகமே அதுதான். மற்றச் சில பிறவிக் குறைகளில் குழந்தை நீலம் பாரிக்கும், பால் குடிக்கையில் வேர்க்கும், எடை ஏறாது. இதிலோ பெரும்பாலான குழந்தைகள் வளர்கிறார்கள், படிக்கிறார்கள், பாண்டியாடுகிறார்கள். சிலருக்குச் சளியும் மார்புக் கட்டும் அடிக்கடி வருவதுண்டு. அதையும் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வடக்கே வந்த நம்மவர்கள் தள்ளிவிடுவார்கள். முப்பது, நாற்பது வயதில்தான் கணக்குத் தீர்க்க நேரிடுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மேலறை விரிந்து, துடிப்பு தாளம் தப்பிப் படபடக்கிறது. வலது கீழறை தளர்ந்து காலில் வீக்கம் காண்கிறது. சிலருக்கு, எல்லாருக்கும் அன்று, நுரையீரலின் ரத்தக் குழாய்கள் வருஷக்கணக்கான வெள்ளத்தைத் தாங்கித் தாங்கித் தடித்துவிடுகின்றன. அங்கே அழுத்தம் மிக ஏறி, ரத்தம் துவாரத்தின் வழியாக எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்துவிட்டால், பிறகு துவாரத்தை மூடவும் இயலாது. முன்பே மூடியிருக்கலாமே என்று எண்ணுவது ஒன்றுதான் மிச்சம்.

‘யார் கட்டுவான்’ என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. பெண் கர்ப்பமுற்றால் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறையப் பாதி பங்கு கூடுகிறது. அத்தனையும் இருதயம்தான் சுமக்கவேண்டும். துவாரம் மட்டும் உள்ள பெண்கள் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிரசவித்துவிடுகிறார்கள் என்பது உண்மை. நுரையீரல் அழுத்தம் மிக ஏறிவிட்டவளுக்கோ பிரசவம் உயிருக்கே ஆபத்து. கல்யாணத்துக்காக மறைத்த குறை கல்யாணத்துக்குப் பின்தான் வெளிப்படும். அப்போது நாலு பேர் பேசுவது ஒரு பொருட்டாகவா இருக்கும்? சிறு வயதிலேயே மூடப்பட்ட பெண்ணோ மற்றப் பெண்களைப்போலவே படித்து, வேலை பார்த்து, பிள்ளை பெற்று வாழ்கிறாள். நம் சமூகத்தில் பெண் குழந்தையின் நோயை ரகசியமாக வைப்பதைக் கௌரவம் என்று நினைக்கிறார்கள். நமக்கு அதில் கௌரவம் எதுவும் தென்படவில்லை.

மூடுவது எப்படி என்றால், இருதயத்தைத் திறந்து செய்யும் ரண சிகிச்சையின் சரித்திரமே இந்தத் துவாரத்தில்தான் தொடங்குகிறது. 1952-ஆம் வருஷம் செப்டம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஜான் லூயிஸ் என்னும் நிபுணர், 5 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடம்பைக் குளிரச் செய்து, இருதயத்துக்கு வரும் ரத்தத்தை ஐந்தரை நிமிஷம் நிறுத்தி, அந்த அவகாசத்தில் துவாரத்தைத் தைத்து மூடினார். ஐந்தரை நிமிஷம்! ஒரு எக்ஸ்பிரஸ் வண்டி நடுத்தர ஸ்டேஷனில் நிற்கும் நேரம். அடுத்த வருஷம் மே 6-ஆம் தேதி, பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, 18 வயதுப் பெண்ணின் துவாரத்தை மூடினார். அதுவும் ஏ.எஸ்.டி.யே.

இன்று அந்த அளவுக்குக்கூடப் போகவேண்டியிராத குழந்தைகள் பலர். துவாரம் சுவரின் நடுப்பகுதியில் இருந்து, சுற்றிலும் போதிய விளிம்பும் இருக்குமானால், தொடையில் உள்ள ரத்தக் குழாயின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, உலோகக் கம்பி வலையால் ஆன குடை போன்ற ஒரு மூடியைக் கொண்டுபோய்ப் பொருத்திவிடுகிறார்கள். மார்பில் வெட்டில்லை, தழும்பில்லை. பெரும்பாலும் இரண்டொரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சில மாதங்கள் மாத்திரை சாப்பிடவேண்டியிருக்கும். விளிம்பில்லாத துவாரங்களுக்கும், சுவரின் மேல்கோடி, கீழ்க்கோடியில் உள்ளவற்றுக்கும் இன்றும் ரண சிகிச்சைதான்.

எல்லாத் துவாரத்தையும் மூடவேண்டும் என்பதில்லை. கைக்குழந்தையில் காணும் சிறு துவாரங்கள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். வலது அறைகள் பெருக்காத அளவுக்குச் சிறியதாக இருந்தால், வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டு வரச் சொல்வார்கள். பெரியவர்களின் எக்கோ அறிக்கையில் ‘பி.எப்.ஓ.’ என்று எழுதியிருப்பதைக் கண்டு சிலர் கலங்கிப்போகிறார்கள். அது தாயின் வயிற்றில் இருந்த பழைய வழி ஒட்டாமல் நிற்பது. நால்வரில் ஒருவருக்கு உண்டு. இங்கே நாம் பேசும் துவாரம் அன்று.

இரண்டாம் ஒலி வேறு பல செய்திகளையும் சொல்லும். அவற்றைச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறோம். இருதயத்தின் வலக் கீழறைக்குப் போகும் மின்கம்பி போன்ற கிளையில் தடையிருந்தால், அந்த அறை தாமதமாகச் சுருங்கி, பிளவு எப்போதும் அகன்றே கேட்கும். ஆனால் மூச்சோடு இன்னும் கொஞ்சம் அகலும், குறுகும். நுரையீரல் வால்வு குறுகியிருந்தாலும் அப்படியே. பின்னொலி மட்டும் மங்கிவிடும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு ஒழுகினால், இடக் கீழறையின் வேலை சீக்கிரம் முடிந்து மகாதமனி வால்வு முந்திக்கொள்ளும். அப்போதும் பிளவு அகலும். முதியவர்களிடம் காண்பது இதற்கு நேர்மாறு. இடப்புறக் கிளை தடைப்பட்டாலோ, மகாதமனி வால்வு மிகவும் இறுகிப்போனாலோ, முந்தவேண்டிய கதவு பிந்திவிடும். அவர்களுக்கு மூச்சை இழுக்கும்போது ஒலி ஒன்றாகவும், விடும்போது இரண்டாகவும் கேட்கும், எல்லாம் தலைகீழ். பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்களிலும் இப்படிக் கேட்பதுண்டு.

சிலரிடம் ஒரே ஒலிதான் கேட்கும். நீலம் பாரித்த குழந்தைகளில் அது முக்கியமான குறி. வயது முதிர்ந்தவர்கள் பலருக்கு அது வெறும் வயதின் குறியாகவும் இருக்கலாம். நுரையீரலில் அழுத்தம் ஏறியவர்களுக்கோ பின்னொலி கதவை அறைந்தாற்போல் உரத்து ஒலிக்கும். இத்தனையும் ஒரு ‘டப்’புக்குள் அடங்கியிருக்கின்றன.

இனி, சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு வேண்டிய சில விவரங்கள். இந்தப் பக்கத்து டாக்டர்கள் இக்குறையைத் ‘தில் மே சேத்’ என்று சொல்வார்கள். இதைக் கேட்டு, இருதயம் சேதமாகிவிட்டதாக எண்ணி அழுத தாய்மார்கள் உண்டு. ஹிந்தியில் ‘சேத்’ என்றால் துவாரம். நாம் சேதம் என்று சொல்லும் பொருள் அதற்கு இங்கே இல்லை.

2013-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய ‘ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்’ என்னும் திட்டத்தின் கீழ், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையில் உள்ளவர்களை அங்கன்வாடிகளிலும் அரசாங்கப் பள்ளிகளிலும் பரிசோதிக்கிறார்கள். அவர்கள் தேடும் 30 வகைக் குறைகளில் பிறவி இருதயக் குறையும் ஒன்று. கண்டுபிடித்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்பி, செலவையும் திட்டமே ஏற்கிறது. இது தேசம் முழுவதற்குமான திட்டம். சீட்டைக் கொண்டுபோய் ஜில்லா ஆஸ்பத்திரியில் கேட்கலாம். தனியார் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகளை இந்தக் குழுவினர் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. அவர்களுடைய பெற்றோர் தாமே குழந்தை வைத்தியரிடம் ஒரு முறை இருதயத்தைக் கேட்கச் செய்வது நலம்.

ரயில்வே குடும்பத்தினருக்கு இந்தக் கவலையும் குறைவு. ‘உமீத்’ அட்டை எந்த ரயில்வே ஆஸ்பத்திரியிலும் செல்லும். அங்கே இயலாததற்கு மேலிடத்துக்கு எழுதி அனுப்புவார்கள். நம் தேசத்தின் முதல் பைபாஸ் ரண சிகிச்சையை 1975-இல் டாக்டர் கே. எம். செரியன் செய்தது பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான் என்பதைச் சொல்லிக்கொள்வதில் ரயில்வேக்காரனுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தால் நேயர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

சிகிச்சைக்கு ஊருக்குப் போய்விடலாம் என்று கோடை விடுமுறைக்காகக் காத்திருப்பது நம்மவர்களின் வழக்கம். சிகிச்சையை எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். எக்கோவை மட்டும் இருக்கும் ஊரிலேயே எடுத்துவிடவேண்டும். போகும்போது பள்ளிக்கூடத்து டாக்டர் கொடுத்த சீட்டையும் கையில் கொண்டுபோகவேண்டும். அவர் காதில் கேட்டது இன்னதென்று தெரிந்தால், எக்கோ பார்ப்பவர் எங்கே தேடவேண்டும் என்பதை அறிவார். சுவரின் மேல்கோடியில் உள்ள துவாரங்கள் சாதாரண எக்கோவில் தப்பிவிடுவதுண்டு.

சீட்டு, எக்கோ அறிக்கை, ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, நகல் ஒன்று எடுத்து வைக்கவேண்டும். நமக்கெல்லாம் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றல் உத்தரவு வரும். அப்போது அந்த உறையை அண்டா குண்டான்களோடு லாரியில் ஏற்றிவிடாமல், பள்ளிக்கூட சர்டிபிகேட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். புதிய ஊரில் புதிய டாக்டர் குழந்தையின் மார்பைக் கேட்டுவிட்டுக் கேட்கப்போகும் முதல் கேள்வி, சென்ற தடவை துவாரம் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்பதாகத்தான் இருக்கும்.